நடந்து போய்க் கூப்பிடுகிறவன்

குத்துக்கல்வலசையிலிருந்து தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்துவிடலாம், சார். மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கும். அவர்கள் நின்று முடிப்பதற்குள் நான் ஆபீஸ் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்து, கம்ப்யூட்டரையும் போட்டுவிடுவேன். இன்றைக்கும் உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்துதான் வந்தேன். ஏட்டையா வண்டி அனுப்புவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஓடையில் வெள்ளம் வருவது எனக்கு முன்னமே தெரியுமா, தெரியாதா. கௌரிசங்கர் செத்தது விபத்தா இல்லையா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது என்றீர்கள். நியாயமான கேள்விதான். சொல்கிறேன். ஆனால் தெரியும், தெரியாது என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். பொறுமை என்றால் என்னவென்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

நான் ஆம்னி பஸ் ஆபீசில் டிக்கெட் போடுகிறவன். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏற்றி அனுப்பிவிட்டு நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன். பகலில் அதிகமாக ஆள் வராது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டம் ஆடுவேன். ஆன்லைன் ஆட்டம். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நாலு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒரு பெரிய உலகத்தில் சுற்ற வேண்டும். கௌரிசங்கர் சென்னைக்கு டிக்கெட் போட வந்தவன்தான். கவுண்டர் வழியாக எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்களுமா" என்றான். அச்சன்புதூரில் உரக்கடை வைத்திருக்கிறவன். என்னைவிட வயதில் மிகவும் சின்னவன். அன்றைக்கே என்னைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டான். குழுவில் அவன் வாள்காரன். அவன் சிநேகிதன் இசக்கிராஜா வில்காரன். கடையநல்லூரிலிருந்து பாஹிமா என்று ஒரு பெண், அவள் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், அவள் எங்களுக்கு அடிபட்டால் வைத்தியம் பார்க்கிறவள். நான் சண்டையில் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. அதை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த உலகத்தில் ஒவ்வோர் ஊரிலும் ஒரு கல் நிற்கும். முன்பெல்லாம் இந்தக் கல்லைத் தொட்டால் அந்த ஊர்க் கல்லில் போய் நிற்கலாம். செலவும் கிடையாது, காத்திருப்பும் கிடையாது. பிறகு கம்பெனிக்காரன் சட்டத்தை மாற்றினான். தூரத்துக்குத் தகுந்தபடி தங்கம் கட்ட வேண்டும். ஒரு தடவை தாவினால் கல் வெகுநேரம் பூட்டிக்கொள்ளும். முதுகில் சரக்கு இருந்தால் தாவ விடாது. பெரிய அரக்கர்கள் இருக்கிற மலைப்பக்கத்தில் கல்லே கிடையாது. உலகம் எவ்வளவு பெரியது என்று ஆடுகிறவர்களுக்கு உறைக்க வேண்டுமாம். எல்லோரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை. மதுரைக்கு ஒரு கட்டணம், சென்னைக்கு ஒரு கட்டணம் என்று தினமும் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவனுக்கு அதில் என்ன குற்றம் தெரியும்.

ஒரே ஒரு சலுகையை மட்டும் விட்டுவைத்தான். குழுவில் ஒருவன் நடந்தே அந்த இடத்துக்குப் போய்விட்டால், அங்கே ஒரு விளக்கை ஏற்றி மற்ற மூன்று பேரையும் கூப்பிடலாம். அவர்கள் திரையில் ஒரு பெட்டி வரும். நான் கூப்பிட்டால் என் பெயரைப் போட்டு, குமரகுரு கூப்பிடுகிறார், வருகிறீர்களா என்று கேட்கும். ஆம் என்று ஒன்று, இல்லை என்று ஒன்று. ஆம் என்பதை அமுக்கினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நிற்பார்கள். அவர்களுக்குச் செலவே இல்லை. கூப்பிட்டவனுக்கு மட்டும் அன்றைக்கு முழுவதும் எல்லாக் கல்லும் பூட்டிக்கொள்ளும். அவன் எப்படிப் போனானோ அப்படியே நடந்து திரும்ப வேண்டியதுதான்.

அந்த ஒருவன் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. கௌரியும் கேட்கவில்லை. முதல் நாளே, "அண்ணாச்சி, நீங்க முன்னால போய் நில்லுங்க. நாங்க சாப்ட்டுட்டு வாரோம்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அது என் வேலை ஆகிவிட்டது.

நடப்பது என்றால் சும்மா இல்லை, சார். பொத்தானிலிருந்து விரலை எடுக்க முடியாது. சதுப்பு நிலம் வரும், ஓநாய் வரும், பாலத்தில் கால் தவறினால் கிளம்பிய ஊரிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். நடுவில் ஒரு கஸ்டமர் வந்து ஸ்லீப்பரா சிட்டிங்கா என்று கேட்பார். ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்க முடியாது. காதில் மாட்டியிருக்கிற ஹெட்போனில் அவர்கள் மூன்று பேரும் பேசுவது கேட்கும். பரோட்டாவைப் பிய்த்து சால்னாவில் தொட்டுத் தின்கிற சத்தம் கேட்கும். "அண்ணாச்சி, எங்கன இருக்கீங்க? இன்னுமா வரல?" என்று கௌரி வாயில் வைத்துக்கொண்டே கேட்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும், "இன்னா வந்துட்டேன்" என்றுதான் சொல்வேன்.

நான் போய்ச் சேர்ந்து விளக்கை ஏற்றினால் மூன்று பேரும் பளபளவென்று வந்து இறங்குவார்கள். அரக்கனை அடிப்பார்கள். விழுந்த சாமான்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். "சரி அண்ணாச்சி, நாளைக்குப் பாப்போம்" என்று, வந்தவர்களை மட்டும் திருப்பி அனுப்புகிற அந்த விளக்கைத் தொட்டு, சாமானோடு ஊருக்குப் போய்விடுவார்கள். செத்துக் கிடக்கிற அரக்கன் பக்கத்தில் நான் ஒண்டியாக நிற்பேன். பிறகு திரும்ப நடப்பேன். எனக்கு நடராஜா சர்வீஸ் என்று பெயர் வைத்தவன் கௌரிதான். வரவர ஆட்டத்துக்கு வெளியிலும் அப்படித்தான் ஆனது. சீசனுக்குக் குற்றாலம் போனால் அவர்கள் வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருப்பார்கள். நான் முன்னால் போய் அருவியில் கூட்டம் எப்படி, தண்ணீர் எப்படி என்று பார்த்து, போனில் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக வந்து தலையை நீட்டுவார்கள். ஓட்டலில் இடம் பிடிப்பதும் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்று இசக்கிராஜா உங்களிடம் சொல்லியிருப்பான். கட்டாயப்படுத்தினால் எதிர்த்துப் பேசலாம். வழக்கமாக ஆகிவிட்டதை எதிர்த்து யாரிடம் பேசுவது.

ஒரு நாள் ஓநாய்க் கூட்டத்துக்கு நடுவில் தெரியாமல் விளக்கை ஏற்றிவிட்டேன். மூன்று பேரும் வந்து இறங்கிய இடத்திலேயே செத்தார்கள். ஆட்டத்தில்தான். செத்தால் கையில் இருக்கிற நல்ல சாமான் எல்லாம் போய்விடும், திரும்பச் சேர்க்க வெகுநாள் பிடிக்கும். கௌரிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்க கூப்புட்டா நாங்க கண்ண மூடிக்கிட்டு வருவோம் அண்ணாச்சி. எங்கன கூப்புடுதீங்கன்னுலாம் பாக்க மாட்டோம்" என்றான்.

அந்தப் பேச்சு எனக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது தடவை தெரிந்தேதான் செய்தேன். பார்க்கிறார்களா இல்லையா என்று சோதித்துப் பார்க்கத்தான், வேறு எண்ணம் இல்லை. பெட்டியிலேயே அந்த இடத்தின் பெயர் எழுதியிருக்கும். அதைப் படிக்க ஒரு மூச்சு நேரம் போதும். படிக்கவில்லை. மூன்றாவது தடவை ஒரு பாறை விளிம்பில் நின்று கூப்பிட்டேன். வந்து, நின்று, அப்படியே சரிந்து கீழே போனார்கள். அப்போதும் சிரிப்புத்தான். நெட் ஸ்லோ என்று நினைத்துக்கொண்டார்கள்.

பாஹிமாவை நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அவள் சொன்னது உண்மைதான். "ஒரு வாரம் நான் நடக்கேன் அண்ணாச்சி. நீங்களும் எங்கள மாதிரி வந்து இறங்குங்களேன். எப்பப் பாத்தாலும் நீங்களேவா" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். அதை வைத்து எனக்கு நடப்பதில் கஷ்டம் இல்லை என்று நீங்கள் முடிவு கட்டக் கூடாது. அவளுக்குக் குழந்தை இருக்கிறது, இடையில் எழுந்து போவாள், பாதி வழியில் ஓநாய் தின்றுவிடும். வழி தெரிந்தவன்தான் நடக்க வேண்டும். அவள் மறுபடியும் ஒரு தடவை கேட்டாள். கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியதாகிவிட்டது. பிறகு கேட்கவில்லை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலையிலிருந்து சாரல். நானும் கௌரியும் இசக்கிராஜாவும் ஐந்தருவிக்குப் போனோம். வழக்கம்போல நான் முன்னால் போய்ப் பார்த்தேன். உங்கள் ஆட்கள் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். மலையில் நல்ல மழை, தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே மலையில் மழை என்பது எனக்குத் தெரியும். இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

குளிக்காமல் திரும்புவதா என்று கௌரிக்கு மனசு கேட்கவில்லை. "எங்க மாமா தோப்புக்குப் போவோம். அங்கன ஓடையில ஒரு பயலும் இருக்க மாட்டான்" என்றான். அச்சன்புதூருக்கு மேற்கே, மலையை ஒட்டி, மாந்தோப்பு. தோப்பைக் கிழித்துக்கொண்டு ஓர் ஓடை போகிறது. ஓடையின் அந்தப் பக்கம் போய்க் கொஞ்சம் மேலே ஏறினால் பாறையிலிருந்து தண்ணீர் விழும், ஒரு சின்ன அருவி மாதிரி. தலையைக் கொடுக்கலாம். நாங்கள் போனபோது ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். தெளிவாக, அடியில் கூழாங்கல் தெரிந்தது.

நான்தான் முதலில் கடந்தேன். இதை உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் இந்தக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். வழுக்கல் பார்த்து, காலை ஊன்றி ஊன்றிக் கடந்து, அந்தப் பக்கப் பாறைமேல் ஏறினேன். அந்தப் பாறையில் நின்றால் ஓடை வளைந்து வருகிற மேல்பக்கம் தெரியும். கீழே கரையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியாது, இலந்தைப் புதர் மறைக்கும்.

முதலில் சத்தம் மாறியது. அதுவரை தண்ணீர் கல்மேல் போகிற சத்தம். பிறகு கல்லோடு கல் உருளுகிற சத்தம், தூரத்தில். வளைவில் தண்ணீரின் நிறம் டீ மாதிரி ஆனது. சருகும் நுரையும் சுள்ளியுமாக முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் என்ன வருகிறது என்று இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். வெள்ளம் வந்தால் குற்றாலத்தில் ஊதுகிற சங்கைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

வாங்க என்று கூப்பிட்டேன்.

கையைத் தூக்கி, நன்றாகக் கேட்கிற மாதிரி. "வாங்கலே, வரலாம். தண்ணி சுகமா இருக்கு" என்றேன். இரண்டு பேரையும்தான் கூப்பிட்டேன். இசக்கிராஜா துண்டு எடுக்க வண்டிக்குப் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை, அது அவனுடைய நல்ல நேரம். கௌரி மட்டும் எழுந்தான். போன் நனையக்கூடாது என்று அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினான். மேல்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தத்தையும் கவனிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே வந்தான். நடு ஓடைக்கு வந்ததும் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. அப்போதும் என் முகத்தைத்தான் பார்த்தான். "என்ன அண்ணாச்சி" என்றான். அதற்குப் பிறகு அங்கே ஓடைதான் இருந்தது.

இல்லை என்று ஒரு பொத்தானும் இருந்தது, சார். அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். யார் கூப்பிட்டாலும், எங்கே கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியது போகிறவன் பொறுப்பு இல்லையா. ஒரு நாளாவது பார்த்திருந்தால் அவன் இன்றைக்கு உரக்கடையில் உட்கார்ந்திருப்பான்.

நான் ஓடவில்லை. அக்கரையிலேயே கீழ்ப்பக்கமாக நடந்து, பாலத்தைத் தாண்டி அச்சன்புதூருக்குப் போய் அவன் வீட்டில் தகவல் சொன்னேன். இசக்கிராஜா எனக்கு முன்பே வண்டியில் போய்ச் சொல்லியிருந்தான். மறுநாள் தடுப்பணையில் கிடைத்தான். அவன் பெண்டாட்டி சண்முகப்பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க முன்னால போயிருந்தீங்கல்லா அண்ணாச்சி, அந்தத் தைரியத்துலதான அவுக இறங்கிருப்பாக" என்று அழுதாள். அவள் சொன்னது சரிதான். எனக்கும் அழுகை வந்தது. நான் நடிக்கவில்லை. அவனை எனக்குப் பிடிக்கும்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன். வருவான் என்றும் தெரியும். அலுப்பு, சார். ஊரில் எல்லோரும் நொடியில் போய் இறங்குவதற்கு ஒருவன் கால் தேய நடந்துகொண்டே இருந்தால் அவனுக்கு என்றாவது ஒரு நாள் அலுத்துப்போகும். அவ்வளவுதான் காரணம். நடந்து நடந்து அலுத்துப்போய்ச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஓடைக்கரையில் நானும் கௌரியும் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்கிறீர்கள். இசக்கிராஜா சொன்னானாக்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கேட்பதால் சொல்கிறேன். நான் ஓடையில் இறங்குவதற்குமுன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கௌரி சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அண்ணாச்சி, ஒரு நல்ல சேதி. உங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னு வச்சிருந்தேன்" என்றான். கம்பெனிக்காரன் சட்டத்தைத் திரும்ப மாற்றப்போகிறானாம். அடுத்த மாதத்திலிருந்து தங்கம் வேண்டாம், பூட்டு வேண்டாம், மலைப்பக்கத்துக்கும் கல் வருகிறதாம். யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் எங்கேயும் தாவலாம். யாரும் யாரையும் கூப்பிடவே வேண்டியதில்லை.

"இனிமே நீங்க நடக்க வேண்டாம் அண்ணாச்சி. ரெஸ்ட் எடுங்க" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்காகத்தான் சந்தோஷப்பட்டான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாலாவது இடத்துக்குச் சுரண்டையில் ஒருவன் இருக்கிறானாம், நன்றாக அடிப்பானாம், அவனைப் போட்டுக்கொள்ளலாம் என்று இசக்கிராஜாவும் சொல்கிறானாம். "நீங்க எப்பவும் போல ஹெட்போன மாட்டிக்கிட்டு பேச்சுல வந்து இருங்க. சும்மா பேசிக்கிட்டிருப்போம்" என்றான். நான் சரி என்றேன். "சரி, நான் முன்னால போய்ப் பாக்கேன். கூப்புட்ட பொறவு வாங்க" என்று சொல்லிவிட்டு ஓடையில் இறங்கினேன்.

இதை எழுத வேண்டாம், சார். இனி நடக்க வேண்டாம் என்று சொன்னதற்காக ஒருவனை யாராவது கொல்வார்களா.